யானை முறித்த செடி

அக்டோபர் 26, ஞாயிறு

நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். வசுமதி முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சந்தாம்மா" என்றாள். மாப்பிள்ளை பார்க்க ஊர் உலகத்தில் எல்லோரும் ஹாலில் ஃபேனைப் போட்டு உட்கார்ந்து, பஜ்ஜி தின்றுவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் வால்பாறைக் காடு.

மாப்பிள்ளை என்று எழுதியது கை தவறி. இன்னும் ஆகவில்லை. பெயர் திருமேனி, ஊர் தேனிப் பக்கம். வேலை, வண்ணத்துப்பூச்சி பார்ப்பது. பத்து விதப் பூச்சிகூட இல்லை, ஆறு வருஷமாக ஒரே பூச்சி. மலபார் பீகாக் என்று பெயராம். மழைக்காட்டில் மட்டும்தான் இருக்குமாம், நீலமாக மின்னுமாம். மின்னிவிட்டுப் போகட்டும்.

நாங்கள் இறங்கியதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். அட்டை ஏறாமலிருக்க முட்டிவரை துணி உறை மாட்டியிருந்தான். கையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டான். கையில் அழுகிய பழ வாடை. தேயிலைத் தோட்டத்தின் பழைய குவார்ட்டர்ஸைத்தான் ஆராய்ச்சி நிலையம் என்கிறார்கள். சமையலுக்கு லாசர் என்று ஒருவர். தோட்டத்தில் கொழுந்து நிறுத்து ஓய்வு பெற்றவராம். சாம்பாரையும் நிறுத்துத்தான் ஊற்றுகிறார்.

வசுமதிக்கு முப்பத்தொரு வயது. நாங்கள் கொண்டு வந்த வரன் அத்தனையையும் தட்டிவிட்டு, இவனை அவளே கொண்டு வந்திருக்கிறாள். "நீ ரெண்டு வாரம் அங்க இருந்து பாரு. நீ வேண்டாம்னா வேண்டாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு வாக்குக்காகத்தான் வந்தேன்.

நான் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று. இவன் பொய் சொல்கிறவனா? அவள் அப்பா சிரித்த முகத்தோடு, கண்ணைப் பார்த்து, கூசாமல் பொய் சொன்னார். ஆபீஸில் ஆடிட் என்பார், சீட்டாட்ட கிளப்பில் இருப்பார். சாகும்வரை அப்படித்தான். நான் கணக்கு டீச்சராக இருந்து தலைமையாசிரியை ஆனவள். என் வீட்டுக் கணக்கு மட்டும் எனக்குக் கடைசிவரை வரவில்லை. என் மகளுக்கும் அப்படி ஒருத்தன் வேண்டாம். இவனிடம் ஒரு பொய் அகப்பட்டால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவேன்.

பொய் அகப்படாவிட்டாலும், டாக்டர் பட்டத்துக்கு அவன் எழுதுகிற ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் கல்யாணம். அதைச் சொல்லியே விட்டேன். மார்கழிக்குள் கொடுத்துவிடுவானாம், தையில் கல்யாணமாம். பார்க்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

காலை பஸ்ஸில் வசுமதி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லீவு இல்லை.

"ஆத்துக்குப் போறேன் டீச்சர், வர்றீங்களா?" என்றான். போனேன். பெரிய ஆராய்ச்சி என்று பார்த்தால், ஒரு பாட்டிலிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஈர மணலில் ஊற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். அவ்வளவுதான் வேலை.

"அது என்னது?" என்றேன்.

காதுவரை சிவந்துவிட்டான். "வந்து... உப்புக்காக டீச்சர். ஆண் பூச்சிக்கு உப்பு வேணும். ஈர மண்ணுல இருந்து உறிஞ்சும்."

"அது சரி. பாட்டில்ல என்னது?"

"மூத்திரம் டீச்சர்."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். உப்புத் தண்ணீர் என்று சொன்னால் நான் என்ன நக்கியா பார்க்கப் போகிறேன்? பெரிய யோக்கியன். நாளைக்குச் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. அட்டை. மழை.

அக்டோபர் 29, புதன்

இன்றைக்கு மகாராணி தரிசனம் கொடுத்தாள். மகாராணி இல்லை, மகாராஜாவாம். மணலுக்கு வருவதெல்லாம் ஆண்தானாம்.

இலைகளுக்கு நடுவே ஒரு பல்பு எரிந்து அணைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் எரிந்தது. பிறகு மணலில் உட்கார்ந்து இறக்கையை மூடிக்கொண்டது. மூடினால் வெறும் சருகு. இதற்கா இந்தப் பாடு என்று நினைக்கும்போதே திறந்தது. நீலம். நான் தலையைச் சாய்த்தேன், பச்சையாகிவிட்டது. நேராகப் பார்த்தேன், நீலம். கழுத்து வலிக்கும்வரை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அந்த மகாராஜாவின் கூத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

"அதுல நீலச் சாயமே கிடையாது டீச்சர்" என்றான் அவன். "செதில்ல கண்ணுக்குத் தெரியாத குழி குழியா இருக்கும். வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புறப்ப நீலமாத் தெரியுது. செதில அரைச்சுப் பாத்தா மங்கிப்போன பொடிதான்."

"அப்ப இல்லாத நிறத்துக்கா ஆறு வருஷம்?"

"ஆமா டீச்சர்" என்று சிரித்தான். ரோஷம் என்பது துளிகூடக் கிடையாது.

அப்புறம் அதன் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தான். சின்னப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரி இருக்குமாம், அதனால் எதுவும் அதைத் தின்னாதாம். வளர்ந்தால் இலைப் பச்சையாம். பயந்தால் கழுத்திலிருந்து ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தைக் கிளப்புமாம். கூடு கட்டினால் அது இலை மாதிரியே தொங்குமாம். இவ்வளவு வேஷம் போட்டும் நூறு முட்டையில் ஒன்றோ இரண்டோதான் பறக்குமாம். எது, ஏன் தப்பிக்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. ஒருவகை முள்மரத்தில்தான் முட்டையிடும், அதிலும் ஆள் உயரக் கன்றாகப் பார்த்து, என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் என் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. மீதி எதுவும் காதில் விழவில்லை.

எச்சமாக நடித்து, இலையாக நடித்து, கடைசியில் இல்லாத நீலத்தைக் காட்டி ஊரை ஏமாற்றும் ஜந்து. வம்சமே பித்தலாட்டம். இதோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்துகிறவன் மட்டும் எப்படி இருப்பான்?

மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பிப் போனான். வெள்ளிக்கிழமைதான் வருவான்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் மழை விட்டது. வந்த நாளிலிருந்து ஒரு துணிகூடக் காயவில்லை. பெட்டியைத் திறந்தாலே ஊறல் வாடை. குளியலறைக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் வெயில் விழுகிறது. அங்கே நட்ட நடுவில் ஒரு முள்செடி, என் உயரத்துக்கு மேல். கயிறு கட்டப் போனவளின் சுங்குடிச் சேலையைப் பிடித்து ஒரு சாண் கிழித்துவிட்டது. தண்டு முழுக்க முள். அங்கங்கே ரோஸ் நிற நாடா வேறு கட்டியிருந்தது. ரோடு அளக்க வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன குப்பை போலிருக்கிறது.

லாசர் சந்தைக்குப் போயிருந்தார். அடுப்படியிலிருந்து அரிவாளை எடுத்து நாலு போடு போட்டேன். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடை, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கயிற்றைக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் சேலை மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் இந்த இடத்துக்குப் பொறுப்பான ஒரு மனுஷி வந்தது இன்றைக்குத்தான்.

அக்டோபர் 31, வெள்ளி

ராத்திரி யானை வந்திருக்கிறது. அடுப்படி மூலையில் இருந்த வாழையை முறித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான் தூங்கிவிட்டேன். காலையில் லாசர் குளியலறைக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"வந்து பாருங்க டீச்சர்! வாழைய முடிச்சிட்டு இந்தாப்புல வந்திருக்கு. தம்பியோட செடியும் போச்சு!"

"தம்பியோட செடியா?"

"ஆமா டீச்சர். ரிப்பன் கட்டி வச்சிருந்துச்சே. அதுல நாலு கூடு இருந்திச்சு. இந்த வருசத்துக்கு அதான் கடைசி. எது பறக்குது, எது பறக்கலன்னு பாத்து எழுதிட்டாத் தம்பி படிப்பு முடிஞ்சிரும்னு சொல்லுச்சு. இனி அடுத்த மழைக்குத்தான்."

"அவ்வளவு முக்கியம்னா வேலி போட வேண்டியதுதானே?"

"வேலி போட்டா அது காடு இல்லையாமே."

நல்ல நியாயம். ஒரு போர்டாவது வைத்திருக்கலாம். வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முள்மரக் கன்று என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் குளியலறைக்குப் பின்னால் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் அவன் வந்தான். மூட்டையைக்கூட இறக்காமல் அடித்தண்டின் முன்னால் நின்றான். அவன் தலைக்கு மேல் என் சேலைகள் ஆடிக்கொண்டிருந்தன. லாசர் யானைக் கதையைச் சொல்லி முடித்தார். அவன் குனிந்து தண்டை விரலால் தடவினான். கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாண்ணே. யானைதான்" என்றான். அப்படியே பள்ளத்தில் இறங்கியவன், இருட்டிய பிறகுதான் மேலே ஏறி வந்தான்.

அரிவாள் வெட்டுக்கும் யானை முறித்ததற்கும் வித்தியாசம் தெரியாத விஞ்ஞானி! இவனுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தால் நாட்டுக்குத்தான் கேடு. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

அவன் நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. உருண்டைக் குழம்பு வைத்தேன். அவனுக்காக இல்லை. பருப்பை அப்படியே விட்டால் வண்டு பிடித்துவிடும்.

கொடிக் கயிற்றை முன்பக்கம் மாற்றிக் கட்டினேன். அந்த இடத்தில் காற்று சரியில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இங்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வசுமதி பேசினாள். சாப்பாடு, மழை, என் முட்டுவலி எல்லாம் கேட்டாள். பிறகு, "செடிய யானை முறிச்சிருச்சாமேம்மா?" என்றாள்.

"ஆமா" என்றேன். "பெரிய யானை."

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

தூக்கம் வரவில்லை. தலையணை உயரம்.

நவம்பர் 5, புதன்

தேங்காய்த் துருவி தேடிக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குள் போனேன். ஜன்னலோரம் ஒரு வலைப்பெட்டி. அதற்குள் பாட்டில் தண்ணீரில் ஒரு முள் குச்சி செருகியிருந்தது. குச்சியில் ஓர் இலை. இலை அசைந்தது.

இலை இல்லை, கூடு. நான் பார்க்கும்போதே முதுகு வெடித்து, நனைந்த கறுப்புத் துணி மாதிரி ஒன்று வெளியே வந்தது. தடித்த வயிறு, சுருங்கிப்போன இறக்கை. அருவருப்பாகத்தான் இருந்தது. தள்ளாடிக்கொண்டே குச்சியில் ஏறித் தொங்கியது. இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, விரிந்து, மடிப்பெல்லாம் தானாக எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரமானதோ தெரியாது. முட்டுவலிக்காரி நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் ஒருமுறை திறந்து மூடியது. இல்லாத நீலம்தான். இருந்தாலும் இன்னொரு தரம் திறக்காதா என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் குச்சியைப் பார்த்தேன். தண்ணீருக்குள் அதன் அடி சரிவாக, வழவழவென்று இருந்தது. யானை அப்படி வெட்டாது.

அவன் வாசலில் வந்து நின்றான். "வந்திருச்சா!" என்றான். நாலு நாளைக்கு முன்னால் பட்டினி கிடந்தவன் முகம் போலவே இல்லை.

"இது பறந்தா உன் படிப்பு முடிஞ்சிருமா?"

"இல்ல டீச்சர். பள்ளத்துல இருந்து எடுத்தாந்து பெட்டில வச்சது கணக்குல வராது. மத்த மூணையும் எறும்பு தின்னிருச்சு. இதுல உசுரு இருந்துச்சு, அதான் சும்மா எடுத்தாந்தேன்."

குச்சியைக் கையில் எடுத்தவன் அவன். சீவி விட்ட மாதிரி இருந்த அதன் அடியைப் பார்த்தவன். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், "ஆமாண்ணே, யானைதான்" என்று சொல்லியிருக்கிறான்.

பொய்! அகப்பட்டான்! கூசாமல், அவள் அப்பாவைப் போலவே! சனிக்கிழமை வசுமதி வரட்டும்.

நவம்பர் 6, வியாழன்

அவளிடம் என்ன சொல்வது? யானைதான் என்றான், யானை இல்லை. சரி, அப்படியானால் யார்?

அங்கேதான் இடிக்கிறது.

படுபாவி, என்னை நன்றாக மாட்டிவிட்டான். நேருக்கு நேர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு, அன்றைக்கே என் ஊர் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருப்பேன். மரியாதைக்காரனைச் சமாளிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

நவம்பர் 7, வெள்ளி

ரசம், அப்பளம். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். தரித்திரம்.

நவம்பர் 8, சனி

வசுமதி காலையில் வந்தாள். திருமேனி ஆற்றுக்குப் போயிருந்தான். அவள் காப்பி குடித்து முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றேன். "அவன் பொய்யன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன பொய் சொன்னாரு?"

"செடிய யானை முறிச்சதுன்னு சொன்னான்."

"யானை இல்லையா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் மேஜை முன்னால் நின்ற பிள்ளைகள் இப்படித்தான் பார்க்கும். யானை என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் வெட்டினேன்" என்றேன். "துணி காயப் போட."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரியே போன்ல சொல்லிட்டாரு. அழுதாரும்மா. அம்மா தெரியாமப் பண்ணிட்டாங்க, லாசர் அண்ணன் முன்னாடி அவங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் யானைன்னு சொன்னேன்னாரு. நீயும் கேட்டு வைக்காதேன்னாரு."

"அப்ப ஞாயித்துக்கிழமை யானையான்னு எங்கிட்டக் கேட்டியே?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்." பிறகு, "அப்பா சொல்ற மாதிரியே நீயும் சொன்னியேம்மா. பெரிய யானைன்னு" என்றாள்.

பெற்ற பெண்ணின் முன்னால் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஒருவனைச் சோதிக்க மலையேறி வந்தவள், எனக்கு வைத்த சோதனையில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷரை வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்ததெல்லாம் இப்போது என் தலையிலேயே வந்து விழுந்தது.

"தைலயே கல்யாணத்த வச்சுக்கிடுவோம்" என்றேன். "பட்டம் பொறவு வரட்டும்."

"வேண்டாம்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெட்டின செடிக்கு ஈடா என் கல்யாணத்தத் தராதே. இன்னும் ஒரு வருசம் நான் காத்திருப்பேன். உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பிடிச்சிருக்கு."

"அதை எப்படிம்மா நான் நம்புறது?"

அவள் கேட்டது நியாயம். அவள் போனை எடுத்துக்கொண்டு, அவள் கையையும் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினேன். கீழே ஆற்றங்கரையில் திருமேனி மணலில் குனிந்தபடி நின்றார். ஸ்பீக்கரைப் போட்டுக் கோவில்பட்டியில் இருக்கிற என் அண்ணனைக் கூப்பிட்டேன். தாய்மாமனிடம் சொல்லிவிட்டால் அது ஊருக்கே சொன்ன மாதிரி, பிறகு மாற்றிப் பேச முடியாது. அண்ணனிடம் நான் இன்றுவரை எதிலும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

"அண்ணே, வசுமதிக்குத் தைல கல்யாணம். மாப்பிள்ளையப் பாத்துட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்படிப் போடு! மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

"வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி. காட்டுலதான் இருக்காரு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பூச்சி பிடிக்கிற பயலுக்கா பொண்ணு குடுக்கப் போற? ஏளா, ஒனக்குக் கூறு கீறு இருக்கா?"

இதைத்தானே இரண்டு வாரமாக நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவன் வாயால் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்.

"வாய மூடுண்ணே! என்னத்தத் தெரியும் ஒனக்கு? நூறு முட்டைல ஒண்ணு பறக்கிறதே பெரும்பாடு. அப்படித் தப்பிச்சு வந்த நாலு கூட்ட, துணி காயப்போடணும்னு ஒந்தங்கச்சி அரிவாளெடுத்து வெட்டித் தள்ளிட்டா. அந்த மனுசனுக்கு ஒரு வருசம் போச்சு. போயும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. பழிய யானை மேல போட்டுட்டு, நான் போட்ட சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாரு. நம்ம சாதிசனத்துல அப்படி ஒரு ஆம்பளையக் காட்டு பாப்போம்!"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு மெதுவாக, முகூர்த்தம் காலையிலா சாயங்காலமா என்று கேட்டான்.

வசுமதி என் கையிலிருந்து போனை வாங்கி, "காலைல, மாமா" என்றாள்.